பரணில் கிடைத்த நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டுமா?

கேள்வி இதுதான்: ஊரில் பழைய வீட்டைப் பிரிக்கும்போது பரணில் கொள்ளுத்தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று கிடைத்திருக்கிறது. குழல் வாய் வழியாக மருந்து போட்டு இடிக்கும் வகை. நூறு வருடத்துக்கு மேல் இருக்கும், துருப்பிடித்திருக்கிறது, சுடுமா என்று தெரியவில்லை. டெக்சாஸில் இருக்கும் மச்சான், "இந்த வகைத் துப்பாக்கிக்கெல்லாம் லைசென்ஸே கிடையாது, நானே இங்கே தபாலில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்" என்கிறார். அவர் சொல்வது உண்மையா? அடுத்த முறை வரும்போது அவருடையதை இங்கே கொண்டுவரலாமா?

மச்சான் சொல்வது அவர் இருக்கும் ஊருக்கு உண்மை. உங்கள் பரணுக்கு அது பொருந்தாது. ஒரே துப்பாக்கி ஒரு நாட்டில் அலங்காரப் பொருள், இன்னொரு நாட்டில் குறைந்தது 2 வருடச் சிறைக்குரிய குற்றம். அமெரிக்கச் சட்டம் இந்த வகையைப் பார்த்து "எப்போது செய்தது, எப்படித் தீப்பிடிக்கிறது, தோட்டா போடுமா" என்று கேட்கிறது. இந்தியச் சட்டம் "சுடுமா" என்று கேட்கிறது. இப்போது சுடாவிட்டாலும் பழுது பார்த்தால் சுடுமா என்றும் சேர்த்துக் கேட்கிறது.

முதலில் பரணுக்கு வருகிறேன், அதில்தான் அவசரம். சட்டத்துக்கும் முன்னால் உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று இருக்கிறது. பழைய வாய்வழித் துப்பாக்கிகள் பலவும் மருந்து இடித்தபடியே மூலையில் சாத்தி வைக்கப்பட்டவை. தோட்டாத் துப்பாக்கியைப் பின்பக்கம் மடித்துத் திறந்து உள்ளே பார்த்துவிடலாம். இதில் பார்க்க வழியில்லை. ஒரு முறை இடித்துவிட்டால் சுட்டுத்தான் வெளியே எடுப்பார்கள், அல்லது அப்படியே விட்டுவிடுவார்கள். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருடம் கழித்தும் பிடிக்கும். அதனால் குதிரையை இழுத்துப் பார்ப்பது, குழலைச் சூடுபடுத்தித் துரு நீக்குவது, வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோவது, குழந்தை கையில் கொடுத்துப் போட்டோ எடுப்பது எதுவும் வேண்டாம். குழல் வாய் யாரையும் பார்க்காதபடி இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, அந்த அறையைப் பூட்டுங்கள்.

சரி, சட்டம். இந்தியாவில் இதை ஆள்வது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும். வெடிபொருள் அல்லது வேறு ஏதாவது ஆற்றலால் குண்டை வெளியே தள்ளும்படி வடிவமைக்கப்பட்ட எந்த ஆயுதமும் துப்பாக்கிதான் என்கிறது சட்டத்தின் 2ஆவது பிரிவு. அங்கே வயதுக் கணக்கு கிடையாது. வாய் வழியாக மருந்து போடுவதா, பின்பக்கம் தோட்டா போடுவதா என்ற பேதமும் கிடையாது. திரி வைத்துச் சுடுவதும், சக்கிமுக்கிக் கல்லால் பொறி பறக்கச் சுடுவதும், கேப் (தட்டினால் பொறி பறக்கும் சிறு மூடி) வைத்துத் தட்டுவதும் எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. நேற்று புதிதாகச் செய்த பழைய பாணித் துப்பாக்கியும் அப்படியே.

"பழைய பொருளுக்கு விலக்கு உண்டு" என்று பலர் சொல்வதற்குக் காரணம் 45ஆவது பிரிவின் ஒரு வரி. வழக்கொழிந்த மாதிரியோ, தொன்மை மதிப்புள்ளதோ, பழுதானதோ ஆன ஆயுதத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அது சொல்கிறது. இவ்வளவோடு நிறுத்திப் படிப்பவர்கள்தான் அதிகம். ஆனால் அதே வரியின் வால் பகுதியில், பழுது பார்த்தோ பார்க்காமலோ துப்பாக்கியாகப் பயன்படுத்த இயலாததாக அது இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. எல்லாம் அந்த வாலில்தான் தொங்குகிறது. குதிரை உடைந்திருக்கிறது, ஸ்பிரிங் இல்லை, கட்டை பிளந்திருக்கிறது என்பதெல்லாம் போதாது. ஒரு கைதேர்ந்த கொல்லர் ஒரு வாரத்தில் சரிசெய்துவிடுவார் என்றால் அது சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான். வாய்வழித் துப்பாக்கி என்பது அடிப்படையில் ஒரு முனை அடைத்த இரும்புக் குழாய். அதில் கெட்டுப்போக அதிகம் இல்லை என்பதாலேயே இந்த விலக்குக்குள் அது சுலபத்தில் நுழைவதில்லை. குழல் வெடித்துப் பிளந்தது, உள்ளே ஈயம் வார்த்து அடைத்தது, துரு தின்று ஓட்டை விழுந்தது போன்றவைதான் நுழையும்.

அதை முடிவு செய்வது நீங்களோ நானோ இல்லை. வழக்கு என்று வந்துவிட்டால் ஆயுதம் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். இயங்கும் நிலையில் உள்ளதா என்று நிபுணர் சோதித்து அறிக்கை கொடுப்பார், அதன் பிறகே நீதிமன்றம் பேசும். அதற்குள் நீங்கள் ஜாமீனுக்கு அலைந்து முடித்திருப்பீர்கள்.

2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் விதிகளைத் திருத்தி ஒரு சலுகை கொடுத்தது. அரும்பொருள் வகைக்குள் வரும் சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் வாங்கவும் வைத்திருக்கவும் லைசென்ஸ் தேவையில்லை என்பது அது. செய்தித்தாள்கள் தலைப்போடு நின்றுவிட்டதால் "பழைய துப்பாக்கிக்கு இனி லைசென்ஸ் இல்லை" என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. முழு வாசகம் வேறு. அதைச் சுடவோ, வெளியே எடுத்துச் செல்லவோ, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பவோ லைசென்ஸ் கட்டாயம். லைசென்ஸில் அந்த ஆயுதம் பதியப்படாமல் அதற்கு வெடிமருந்து விற்கவும் கூடாது. அதாவது, சேகரிப்பாளர் வீட்டுச் சுவரில் தொங்கும் பொருளுக்கான சலுகை இது. இன்னொன்று, பரணில் கிடைத்த எல்லாமே அரும்பொருள் ஆகிவிடாது. நம் ஊர்ப் பட்டறைகளில் 1960களிலும் 70களிலும்கூட அதே பழைய பாணியில் துப்பாக்கி அடித்துக்கொண்டிருந்தார்கள். பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். பட்டறை முத்திரையோ வரிசை எண்ணோ இல்லாத ஒரு நாட்டுத் துப்பாக்கியைக் காட்டி "இது 1890இல் செய்தது" என்று நீங்கள் சொன்னால், நிரூபியுங்கள் என்பார்கள். இந்தச் சலுகையை நம்பி வைத்துக்கொள்வதாக இருந்தால் உரிமம் வழங்கும் அதிகாரியிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து இல்லாமல் வைத்துக்கொள்வது துணிச்சல் என்பேன், அதுவும் மரியாதைக்காக.

தண்டனையையும் சொல்லிவிடுகிறேன். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாமல் சாதாரண வகைத் துப்பாக்கி வைத்திருந்தால் 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதம் தனி. முன்பு அது 1 முதல் 3 ஆண்டாக இருந்தது. செய்வது, விற்பது, பழுது பார்த்துக் கொடுப்பது இவையெல்லாம் இன்னும் கனமானவை: 7 ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை போகும். அதனால்தான் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள் என்றேன், கொல்லரையும் சேர்த்து மாட்டிவிடுவீர்கள். உங்கள் பக்கம் இருக்கும் பாதுகாப்புகள் இரண்டு. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்ததற்கு வழக்குத் தொடர மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும். அடுத்து, வைத்திருத்தல் என்றால் தெரிந்து வைத்திருத்தல் என்று உச்ச நீதிமன்றம் 1972இலேயே குன்வந்த்லால் வழக்கில் விளக்கிவிட்டது. பரணில் இப்படி ஒன்று இருந்தது நேற்றுவரை உங்களுக்குத் தெரியாது என்றால் நேற்றுவரை நீங்கள் குற்றவாளி இல்லை. ஆனால் இப்போது தெரிந்துவிட்டது அல்லவா, இனி அந்த வாதம் நாளுக்கு நாள் பலவீனமாகும். கண்டுபிடித்து ஒரு வாரத்தில் காவல் நிலையத்துக்குச் சொன்னவரையும், ஒரு வருடம் வைத்திருந்து பக்கத்து வீட்டுக்காரர் புகாரில் பிடிபட்டவரையும் யாரும் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

என்ன செய்யலாம்? வீட்டில் பழைய பெட்டி, பீரோ எல்லாவற்றையும் குடைந்து லைசென்ஸ் புத்தகம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அது யார் பெயரில், கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பாருங்கள். பெரும்பாலும் காலாவதி ஆகியிருக்கும். இப்போது எல்லா உரிமங்களும் தேசியத் தரவுத் தளத்தில் ஏற்றப்பட்டு ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த எண் இல்லாத பழைய புத்தகம் செல்லாது. ஆனாலும் அந்தப் புத்தகம் பொன்னுக்குச் சமம். துப்பாக்கி சட்டப்படி வீட்டுக்கு வந்தது என்பதற்கு அது ஒன்றுதான் சான்று. புத்தகம் தொலைந்திருந்தாலும் கலெக்டர் அலுவலகப் பதிவேட்டில் பெயர் இருக்கக்கூடும்.

உரிமம் இருந்த துப்பாக்கி என்றால் வாரிசு அடிப்படையில் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்கலாம். 2016 விதிகளில் அதற்கென்றே இடம் இருக்கிறது: உரிமதாரர் இறந்த பிறகு வாரிசுக்கு, அல்லது அவர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயது ஆனாலோ துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ குடும்பத்தில் ஒருவருக்கு. மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் கேட்பார்கள், போலீஸ் விசாரணை வரும், உங்களுக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற 2019 வரம்பு வாரிசுத் துப்பாக்கிக்கும் உண்டு. உரிமம் வழங்குவது மாவட்டங்களில் கலெக்டர், சென்னை போன்ற மாநகரங்களில் போலீஸ் கமிஷனர்.

புத்தகமும் இல்லை, பதிவும் இல்லை என்றால் ஒப்படைப்பதுதான் வழி. நீங்களே சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோகாதீர்கள், போகும் வழியில் பிடிபட்டால் ஒப்படைக்கத்தான் போனேன் என்பதை நிரூபிப்பது உங்கள் தலைவலி. ஒரு வக்கீல் மூலம் இன்ன தேதியில் வீடு பிரிக்கும்போது கிடைத்தது என்று காவல் நிலையத்துக்கு எழுதிக் கொடுத்து, அவர்களையே வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உள்ளே மருந்து இருக்கலாம் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள். ரசீது வாங்காமல் விடாதீர்கள். அது உண்மையிலேயே பழம்பொருள் என்று நம்பினால், அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கச் சம்மதம் என்று கடிதத்தில் ஒரு வரி சேர்க்கலாம்.

ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, கொல்லிமலைப் பக்கங்களில் இது தினசரிப் பிரச்சினை. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தாங்களாகவே ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று காவல் துறை அவ்வப்போது அறிவிக்கும். ஊர்ப் பொது இடத்தில் இரவோடு இரவாக வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், காலையில் போலீஸ் வந்து எடுத்துப் போகும். செய்தியில் "நாட்டுத் துப்பாக்கி, கருமருந்து, பால்ரஸ் குண்டுகள் பறிமுதல்" என்று வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த வாய்வழி வகைதான். காவல் துறையின் எழுத்தில் அது எஸ்.பி.எம்.எல்., ஒற்றைக் குழல் வாய்வழித் துப்பாக்கி. உங்கள் மாவட்டத்தில் அப்படியொரு அறிவிப்பு நடப்பில் இருந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்வது எல்லாவற்றிலும் சுலபம்.

இவ்வளவு கெடுபிடி காட்டும் இதே சட்டம், வாய்வழித் துப்பாக்கிக்கு ஒரு தனி மரியாதையும் கொடுத்திருக்கிறது. பலருக்கும் இது தெரியாது. 13ஆவது பிரிவில், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழித் துப்பாக்கி கேட்கும் குடிமகனுக்கு உரிமம் வழங்க வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். மறுப்பதற்கான காரணங்கள் தனியே உண்டு, ஆனால் தொடக்கமே வழங்குவதில் இருக்கிறது. ரைபிளோ ரிவால்வரோ கேட்பவர் தனக்கு ஏன் தேவை என்று காரணம் காட்டி அதிகாரியைத் திருப்திப்படுத்த வேண்டும், விவசாயிக்கு அந்தச் சுமை இலேசு. வாய்வழித் துப்பாக்கி போதாது என்று அதிகாரி கருதினால் மட்டும் குழலின் உட்புறம் வழவழப்பாக இருக்கும் வேறு மென்குழல் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்றும் சேர்த்திருக்கிறார்கள். ஒரு தடவை சுட்டால் மறுபடி மருந்து கொட்டி, அடைப்பு வைத்து, ரவை போட்டு, கம்பியால் இடித்து, கேப் வைக்க வேண்டும். பன்றியை விரட்ட அது போதும், கலகம் செய்ய அது போதாது என்பது 1959இல் சட்டம் எழுதியவர்களின் கணக்காக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

பயம் பழையதுதான். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, 1801 டிசம்பரில், தென் சீமைப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்து கம்பெனி அரசு பிரகடனம் வெளியிட்டது. அன்று பறித்ததில் வேல், வாளோடு வாய்வழித் துப்பாக்கிகளும் உண்டு. 1878இல் வைஸ்ராய் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் வந்தபோது இந்தியருக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1959 சட்டம் அந்த இனப் பாகுபாட்டை எடுத்துவிட்டது, உரிமம் என்ற அமைப்பை வைத்துக்கொண்டது.

விலக்கு முழுக்கப் போய்விடவில்லை. குடகு மலையில் இன்றும் இருக்கிறது. 1861இல் ஆணையர் மார்க் கப்பன், ஆயுதப் பறிப்புச் சட்டம் குடகு மக்களுக்குப் பொருந்தாது என்று அறிவித்தார். சுதந்திர இந்தியாவிலும் 41ஆவது பிரிவின் கீழ் அது தொடர்கிறது: குடவ இனத்தவருக்கும் ஜம்மா என்ற பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் உரிமம் வேண்டியதில்லை. 2019இல் மத்திய அரசு இதை 2029 அக்டோபர் வரை நீட்டித்தது. இது சமத்துவத்துக்கு எதிரானது என்று தொடுத்த வழக்கை 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் வரும் கைல்போள்து பண்டிகையில் அவர்கள் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுவதை அங்கே போனவர்கள் பார்த்திருக்கலாம். இதைக் கேட்டு நம் பக்கத்தில் நரிக்குறவர்களும் மலைவாசிகளும் "எங்களுக்கு ஏன் இல்லை" என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் கிடையாது. தமிழ்நாட்டில் நரிக்குறவர்கள் சிலரிடம் உரிமம் உள்ள நாட்டுத் துப்பாக்கிகள் இருக்கின்றன, ஆனால் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு கையில் துப்பாக்கி இருந்தும் தொழில் இல்லை என்ற நிலை.

அந்த வனவிலங்குச் சட்டம் விவசாயிகளையும் தடுக்கிவிடும். பயிர்ப் பாதுகாப்பு உரிமம் என்பது துப்பாக்கி வைத்திருக்க உரிமம், பன்றியைச் சுட உரிமம் அல்ல. காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு, அதைக் கொல்ல தனி அனுமதி வேண்டும். கேரளாவில் 2022இல் இந்த அனுமதி கொடுக்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு ஒப்படைத்து, உரிமம் உள்ளவர்களைக் கொண்டு சுட ஏற்பாடு செய்தார்கள். தமிழ்நாட்டில் வனத்துறையே செய்யும் என்ற வழியைப் பிடித்திருக்கிறார்கள். சரணாலயத்துக்கு 10 கிலோமீட்டருக்குள் உங்கள் ஊர் இருந்தால் இன்னொரு அடுக்கும் உண்டு: உரிமதாரர்கள் வனத்துறையில் பெயரைப் பதிய வேண்டும், புதிய உரிமத்துக்குத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் சம்மதம் வேண்டும்.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். துப்பாக்கிக்கு உரிமம் இருக்கிறது என்பதற்காக வெடியுப்பும் கந்தகமும் கரியும் வாங்கி வீட்டில் அரைக்க முடியாது. கருமருந்து 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்குள் வருகிறது, அதைத் தயாரிப்பது தனிக் குற்றம். உரிமம் உள்ள கடையில், உரிமத்தில் எழுதிய அளவுக்குள்தான் வாங்க வேண்டும். நாட்டுத் துப்பாக்கி வழக்குகளில் ஆயுதச் சட்டத்தோடு வெடிபொருள் சட்டமும் சேர்ந்து வருவது இதனால்தான்.

இனி டெக்சாஸ். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழம்பெரும் துப்பாக்கி என்று ஒரு வகையைப் பிரித்து அதைத் துப்பாக்கி என்ற வரையறையிலிருந்தே வெளியே வைத்துவிட்டது. 1898ஆம் ஆண்டு அல்லது அதற்கு முன் செய்த எதுவும் அதில் சேரும். பிறகு செய்த நகல்களும், வழக்கமான தோட்டாவுக்கு வடிவமைக்கப்படாதவை என்றால் சேரும். மூன்றாவதாக, கருமருந்தோ அதன் மாற்றுமருந்தோ போட்டுச் சுடும், தோட்டா போடவே முடியாத எந்த வாய்வழித் துப்பாக்கியும், போன வாரம் தொழிற்சாலையில் செய்ததாக இருந்தாலும் சேரும். இந்த மூன்றாவது 1998இல் சேர்த்தது. அதனால்தான் உங்கள் மச்சானுக்கு விசாரணையும் இல்லை, படிவமும் இல்லை, கூரியர்காரர் வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறார். விளையாட்டுக்காக இந்த வகையில் சுட 50 பவுண்டு வரை கருமருந்து வாங்கவும் மத்தியச் சட்டம் விலக்குத் தருகிறது. 50 பவுண்டு என்றால் கிட்டத்தட்ட 23 கிலோ, நம் ஊரில் அதைக் கேட்டால் மயக்கம் வரும்.

அதிலும் கண்ணி உண்டு. குழலை மாட்டும் அடிப்பாகம் தோட்டாத் துப்பாக்கியினுடையதாக இருந்து, அதில் வாய்வழிக் குழலை மட்டும் மாட்டியிருந்தால் அது பழம்பெரும் வகை அல்ல. குழலை மாற்றினால் தோட்டா போடலாம் என்ற மாதிரிகள் எல்லாம் சாதாரணத் துப்பாக்கிதான். தாம்சன் சென்டர் நிறுவனத்தின் என்கோர் இதற்கு நல்ல உதாரணம், பார்வைக்கு வாய்வழி, சட்டத்துக்குத் துப்பாக்கி. இதற்கு நேர்மாறாக, 2017இல் சைலன்சர்கோ நிறுவனம் சத்தம் அடக்கும் அமைப்பைக் குழலோடு சேர்த்தே ஒரு வாய்வழித் துப்பாக்கி செய்து, மத்தியச் சட்டத்தில் துப்பாக்கியே இல்லை என்று விற்றது. சட்டத்தின் எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் எங்கே போய் நிற்கலாம் என்பதற்கு அதைவிட வேடிக்கையான சான்று எனக்குத் தெரியாது.

மாநிலம் மாறினால் கதையும் மாறும் என்பதை மச்சானிடம் சொல்லுங்கள். டெக்சாஸ் தளர்ந்த மாநிலம், நியூஜெர்சி அப்படி இல்லை. 2014இல் அங்கே 72 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் காரில், 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, குண்டு போடாத சக்கிமுக்கிக் கைத்துப்பாக்கி இருந்தது என்று கைது செய்தார்கள். மாநிலச் சட்டப்படி அது அனுமதியில்லாத கைத்துப்பாக்கி. பல ஆண்டுச் சிறை என்ற மிரட்டல் தலைக்கு மேல் தொங்கியது, நாடு முழுக்கச் சத்தம் எழுந்த பிறகு 2015 பிப்ரவரியில் வழக்கைக் கைவிட்டார்கள்.

மற்ற நாடுகளை வேகமாகத் தாண்டிவிடலாம். பிரிட்டனில் அசல் பழம்பொருளை அலங்காரமாக வைத்திருக்கலாம், 2021 மார்ச்சில்தான் எது பழம்பொருள் என்பதை விதியாக எழுதினார்கள். அதைச் சுட நினைத்த நிமிடமே போலீஸ் சான்றிதழ் வேண்டும். நவீன நகலுக்கு எப்படியும் வேண்டும், மருந்துக்கு இன்னொரு சான்றிதழ். கனடாவில் சக்கிமுக்கி நீள்துப்பாக்கியின் புதிய நகலுக்கு உரிமம் தேவையில்லை, கேப் வைக்கும் நகலுக்குத் தேவை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் ஒரு சிறு செம்பு மூடி. ஜெர்மனியில் ஒற்றைக் குண்டு வாய்வழித் துப்பாக்கியை 18 வயதானவர் சும்மா வாங்கலாம், ஆனால் மருந்து வாங்கப் படிப்பும் அனுமதியும் வேண்டும். எனக்குப் பிடித்த அணுகுமுறை ஜெர்மனியுடையது. இரும்புக் குழாயைத் துரத்துவதைவிட மருந்தைக் கட்டுப்படுத்துவது அறிவு.

மச்சான் கொண்டுவரும் கேள்விக்கு வருகிறேன். வேண்டாம். இந்தியாவுக்குள் ஆயுதம் கொண்டுவர ஆயுதச் சட்டத்தின் 10ஆவது பிரிவில் இறக்குமதி உரிமம் வேண்டும், சுங்கத்தின் கட்டுப்பாடு தனி. அமெரிக்காவில் அது துப்பாக்கி அல்ல என்ற கடைக்காரரின் பில், மீனம்பாக்கத்தில் எந்த அதிகாரியிடமும் எடுபடாது. அங்கே பார்ப்பது ஒன்றே ஒன்று: குண்டு வெளியே போகுமா. கருமருந்தும் கேப்பும் விமானத்தில் கைப்பெட்டியிலும் கூடாது, சரக்குப் பெட்டியிலும் கூடாது, அது அமெரிக்க விமான நிலையத்திலேயே பிடிபடும். சுவரில் மாட்ட ஆசை என்றால் குழல் துளையே இல்லாத மர, பித்தளை அலங்கார நகல் இங்கேயே கிடைக்கிறது. சொல்லப்போனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் பழைய போர்களை நடித்துக் காட்டும் ஆட்கள் தோளில் சுமக்கும் மஸ்கட் என்ற பழைய பாணி நீள்துப்பாக்கிகளில் கணிசமானவை இந்தியப் பட்டறைகளில் செய்து, மருந்துக்குத் தீ போகும் தீத்துளை போடாமல் ஏற்றுமதி ஆனவைதான்.

எதிர்த்திசையிலும் ஆசை வரலாம்: பரணில் இருப்பதை மச்சானுக்கு அனுப்பி அங்கே நல்ல விலைக்கு விற்கலாமே என்று. அதற்கும் ஆயுத ஏற்றுமதி உரிமம் வேண்டும். 100 ஆண்டு தாண்டிய பொருள் என்று நீங்களே வாதாடி ஜெயித்தால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் வந்து நிற்கும். அதன்படி தனியார் யாரும் தொல்பொருளை ஏற்றுமதி செய்ய முடியாது.